கம்பெனியில் இருந்து அரசுப் பதவிக்கு: ‘ஆதாய முரண்’ பற்றி ஓர் எளிய விளக்கம்

என் பெரியப்பா கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 25 வருடம் கொப்பரைக் களம் நடத்தியவர். தேங்காய் வாங்கி, உடைத்து, காயப்போட்டு, லோடு ஏற்றிக் காங்கேயத்துக்கு அனுப்புவார். கணக்கில் கறார், கூலி கொடுப்பதில் சுத்தம். அந்த நல்ல பெயருக்காகவே ஒரு பஞ்சாயத்துத் தேர்தலில் கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். “நீங்க நின்னா ஜெயிச்சர்லாமுங்க” என்றார்கள். நின்றார், ஜெயித்தும் விட்டார்.

மெம்பராகி மூன்றாவது மாதம், நடுக்கோடையில், வார்டுக் குடிதண்ணீர் மோட்டார் புகைந்துபோனது. களத்து மோட்டார் புகைந்தால் பெரியப்பா அன்றைக்கே கழற்றிக் கொடுத்து, மறுநாள் காயிலை (கம்பிச் சுருளை) மாற்றிக் கட்டி மாட்டிவிடுவார். இங்கே அப்படி நடக்கவில்லை. ஓவர்சீயர் வந்து பார்க்க வேண்டும், எஸ்டிமேட் போட வேண்டும், கொட்டேஷன் வாங்க வேண்டும், கமிட்டியில் வைக்க வேண்டும். பதினோரு நாள் ஆனது. அத்தனை நாளும் எங்கள் களத்து போர்வெல்லில்தான் தெரு முழுக்கக் குடம் நிரப்பியது. கமிட்டிக் குறிப்பெல்லாம் மலையாளத்தில் வரும். பெரியப்பா நன்றாக மலையாளம் பேசுவார், வாசிப்பதுதான் வராது. அதனால் காகிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன்.

அவருக்குப் பொறுக்கவில்லை. “நம்ம மெக்கானிக்கிட்டக் கொடுத்திருந்தா ரெண்டு நாள்ல தண்ணி வந்திருக்கும் கண்ணு. கூலியும் கம்மி” என்றார். செகரட்டரியிடமும் இதையே சொல்லியிருக்கிறார். செகரட்டரி பொறுமையாகப் பதில் சொன்னாராம்: அந்த மெக்கானிக் உங்கள் களத்துக்குப் பல வருடமாக வேலை செய்கிறவர், உங்களுக்குக் கடனுக்கும் செய்து கொடுப்பவர். பஞ்சாயத்து வேலையை யாரையும் கேட்காமல் அவருக்கே கொடுத்தால், அவர் குறைந்த கூலிக்கே செய்திருந்தாலும், அது ஊருக்குக் கிடைத்த நல்ல விலையா, உங்கள் களத்துப் பாக்கிக்கு ஈடா என்று நாளைக்கு ஆடிட்டில் கேட்டால் என்ன பதில் சொல்வது?

அந்தக் கேள்வி எழுகிற நிலைக்குத்தான் ஆதாய முரண் என்று பெயர். பொதுப் பொறுப்பில் இருந்து ஒருவர் எடுக்கும் முடிவு, அவருடைய சொந்த வரவு செலவையும் தொட்டுவிடுகிறது. இவ்வளவுதான் அதன் பொருள். அவர் நல்லவரா கெட்டவரா என்ற விசாரணை இதற்குத் தேவையே இல்லை. காசு கைமாறினால் அது லஞ்சம், அதற்குத் தனிச் சட்டம் உண்டு. ஆதாய முரணில் ஒரு ரூபாய்கூடக் கைமாறாமல் இருக்கலாம். பெரியப்பா மேல் யாரும் ஒரு சொல் குறை சொல்ல முடியாது. ஆனாலும் மோட்டார் விஷயத்தில் அவர் அந்த நிலையில்தான் இருந்தார். இதைப் புரிந்துகொள்ளாமல், “அவரைப் போய்ச் சந்தேகப்படலாமா?” என்று கோபப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

ஒரு வார்டு மோட்டாருக்கே இப்படி என்றால், ஆயிரம் கோடி ரூபாய் கம்பெனியை நடத்தியவர் அமைச்சராகும்போது எத்தனை முடிவுகள் அவருடைய பழைய கணக்கைத் தொடும்?

பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கமும்

சுதந்திர இந்தியாவின் முதல் இரண்டு நிதி அமைச்சர்களும் நம் பக்கத்துக்காரர்கள். ஒருவர் கோவை, இன்னொருவர் கோழிக்கோடு. நடுவில் நம் பாலக்காட்டுக் கணவாய். இருவருமே தொழில் உலகத்தோடு நெருங்கிய தொடர்பு உள்ளவர்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை என்பதில் இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

ஆர்.கே.சண்முகம் செட்டியார் கோவையில் மில் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர், வக்கீலுக்குப் படித்தவர். 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவான். நம் பாலக்காட்டுச் சித்தூர் அன்று கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது, ஆகவே ஆறு வருடம் நம் ஊரையும் சேர்த்து நிர்வாகம் செய்தவர் அவர். 1947-ல் நேரு அமைச்சரவையில் நிதி அமைச்சரானார். அந்த ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை வாசித்தார். ஒரு வருடத்துக்கு மேல் அங்கே நிலைக்க முடியவில்லை. வருமான வரி விசாரணைக்குப் போக வேண்டிய பட்டியலில் இருந்து சில பெயர்கள் எடுக்கப்பட்டது பெரிய சர்ச்சையானது. 1948 ஆகஸ்டில் பதவி விலகினார். இந்தியாவின் முதல் நிதி அமைச்சர் பதவி இழந்ததே இந்த மாதிரி ஒரு கேள்வியில்தான்.

அவருக்குப் பின் வந்த ஜான் மத்தாய் கோழிக்கோட்டில் பிறந்தவர். பொருளாதாரப் பேராசிரியராக இருந்து, டாடா நிறுவனத்தில் இயக்குநரானவர். 1944-ல் நாட்டின் பொருளாதாரத்துக்காகப் பெரிய தொழிலதிபர்கள் சேர்ந்து எழுதிய பம்பாய்த் திட்டத்தில் அவரும் ஓர் ஆசிரியர். நிர்வாகி ஒருவர் அரசுக்கு வருவது என்பதற்கு இவரைவிட நேரான உதாரணம் கிடைக்காது. முதலில் ரயில்வே, பிறகு நிதி. திட்டக் கமிஷனுக்கு அதிக அதிகாரம் போகிறது, அமைச்சரவையின் பொறுப்பு குறைகிறது என்று சொல்லி 1950-ல் விலகினார். நான் அவரை மதிப்பது இதற்காகத்தான். யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வி அவருக்குப் பதவியைவிடப் பெரியதாக இருந்தது.

வேலை எங்கே மாறுகிறது

கம்பெனியில் தலைமை நிர்வாகி பதில் சொல்ல வேண்டியது இயக்குநர் குழுவுக்கும் பங்குதாரர்களுக்கும். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: லாபம் எவ்வளவு? நஷ்டம் தரும் கிளையை மூடலாம். பணம் கட்டாத வாடிக்கையாளரைக் கைவிடலாம். வேகமாக முடிவெடுப்பவர் அங்கே கெட்டிக்காரர்.

அரசில் யாரையும் கைவிட முடியாது. தண்ணீர்க் கட்டணம் கட்டாத தெருவுக்கும் தண்ணீர் போக வேண்டும். வாளையாறு எல்லை தாண்டி ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய் வேலை பார்த்துத் திரும்புகிறவருக்கும் ரேஷன் வேண்டும். மூன்று பிள்ளைகள் மட்டுமே சேர்ந்திருக்கும் தமிழ் வகுப்பையும் லாபக் கணக்குப் பார்த்து மூடிவிட முடியாது.

பிளாச்சிமடையை எடுத்துக்கொள்ளுங்கள். சித்தூர்த் தாலுகாவில், பெருமாட்டி பஞ்சாயத்தில், 2000-ல் கோகோ கோலா ஆலை வந்தது. ஆலையின் கணக்கில் நிலத்தடி நீர் ஒரு மூலப்பொருள். சுற்றியிருந்த ஊர்களின் கணக்கில் அது கிணறு. கிணறுகளில் நீர் இறங்குகிறது, இருப்பதும் கெடுகிறது என்று மக்கள் போராடினார்கள். மயிலம்மா என்ற ஆதிவாசிப் பெண்மணி அந்தப் போராட்டத்தின் முகமாக இருந்தார். ஆலையில் இருந்து பஞ்சாயத்துக்கு வருமானம் வந்துகொண்டிருந்தது. அப்படியும் 2003 ஏப்ரலில் பெருமாட்டி பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. ஒரு கம்பெனியின் வரவு செலவுக் கணக்கில், வருமானம் தருகிறவரை வேண்டாம் என்று சொல்ல இடமே இல்லை. பஞ்சாயத்தில் அதற்கு இடம் உண்டு, சில சமயம் அதுதான் கடமை.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த மேசையில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு அந்த ஆலையிலோ, அதற்கு லாரி விடும் தொழிலிலோ பங்கு இருந்திருந்தால்?

எந்தக் கதவு வழியாக வருகிறார்கள்

தேர்தலில் நின்று ஜெயிப்பது நேர் வழி. பழனிவேல் தியாகராஜன் வெளிநாட்டு வங்கிகளில் பெரிய பதவிகளில் இருந்தவர். 2016-ல் மதுரை மத்தியத் தொகுதியில் ஜெயித்தார், 2021-ல் தமிழ்நாட்டின் நிதி அமைச்சரானார். ஆந்திர எல்லைப் பக்கம் திருப்பதி அருகே கரகம்பாடியில் இருக்கும் அமர ராஜா நிறுவனத்தைப் பலருக்கும் பேட்டரியால் தெரியும். அதை நடத்திய கல்லா ஜெயதேவ் 2014-லும் 2019-லும் குண்டூரில் எம்.பி. ஆனார். 2024-ல் அதே குண்டூரில் ஜெயித்த பெம்மசானி சந்திரசேகர் அமெரிக்காவில் யூவேர்ல்டு என்ற பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கிய டாக்டர். பிரமாணப் பத்திரத்தில் 5,700 கோடி ரூபாய்க்கு மேல் குடும்பச் சொத்துக் காட்டியவர், இப்போது மத்திய இணை அமைச்சர்.

மாநிலங்களவை வழியாக வருவது இன்னொரு கதவு. பி.பி.எல். மொபைல் தொடங்கிய ராஜீவ் சந்திரசேகர் 2006-ல் கர்நாடகத்தில் இருந்து அப்படி வந்தார், 2021-ல் இணை அமைச்சரானார். 2024-ல் மக்களிடம் நேராக ஓட்டுக் கேட்டுத் திருவனந்தபுரத்தில் நின்றபோது சசி தரூரிடம் தோற்றார். சபையில் இடமே இல்லாமல் அமைச்சராகவும் முடியும். ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. டாடா சன்ஸில் ஒரு வருடம் உயர் பதவியில் இருந்த ஜெய்சங்கர் 2019 மே மாதம் வெளியுறவு அமைச்சராகி, ஜூலையில்தான் மாநிலங்களவைக்கு வந்தார்.

தேர்தலும் வேண்டாம், அமைச்சர் பதவியும் வேண்டாம், ஒரு வேலையை மட்டும் முடித்துக் கொடுங்கள் என்று அரசு கூப்பிடுவதும் உண்டு. இன்ஃபோசிஸில் இருந்த நந்தன் நீலகேணியை 2009-ல் ஆதார் வேலைக்குக் கூப்பிட்டது அப்படித்தான். வேலை நடந்தது. அதே மனிதர் 2014-ல் பெங்களூரு தெற்கில் நின்றபோது இரண்டு லட்சம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார். நிர்வாகத் திறமையும் ஓட்டு வாங்கும் திறமையும் வேறு வேறு என்பதற்கு இது போதும்.

கேரளத்தில் கிழக்கம்பலம் தனிக் கதை. கிடெக்ஸ் ஆடை நிறுவனத்தின் சாபு ஜேக்கப் 2013-ல் தொடங்கிய ட்வென்டி20 அமைப்பு, 2015 பஞ்சாயத்துத் தேர்தலில் 19 வார்டில் 17-ஐப் பிடித்தது. 2020-ல் நான்கு பஞ்சாயத்துகள் அதன் கைக்கு வந்தன. மலிவு விலைக் கடை, வீடுகள், நல்ல ரோடுகள் என்று செய்து காட்டியதைப் போய்ப் பார்த்தவர்கள் மெச்சுகிறார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஊரின் மிகப் பெரிய கம்பெனியும் ஊரின் நிர்வாகமும் ஒரே வட்டத்துக்குள் வந்த பிறகு, அந்தக் கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுக்கவும் மறுக்கவும் வேண்டிய பஞ்சாயத்துக் கமிட்டி யாரை நினைத்துக் கையெழுத்துப் போடும் என்ற கேள்வி எனக்கு இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு ஒரு கோடு போடுகிறது: அரசுக்குப் பொருள் சப்ளை செய்யவோ, அரசு வேலையை எடுத்துச் செய்யவோ ஒப்பந்தம் நடப்பில் வைத்திருப்பவர் எம்.எல்.ஏ.வாகவோ எம்.பி.யாகவோ இருக்க முடியாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சட்டத்தின் பார்வையில் கம்பெனி ஓர் ஆள், அதன் பங்குதாரர் வேறோர் ஆள். என் பெயரில் கான்ட்ராக்ட் இருந்தால் நான் மாட்டுவேன். நான் பெரும்பங்கு வைத்திருக்கும் கம்பெனியின் பெயரில் இருந்தால் இந்தப் பிரிவு என்னை எளிதில் தொடாது. பெரிய தொழிலதிபர்கள் எல்லாரும் கம்பெனி பெயரில்தான் தொழில் செய்கிறார்கள்.

அமைச்சர்களுக்கு மத்திய உள்துறை அமைச்சகத்தின் நடத்தை நெறிமுறை ஒன்று உண்டு. பதவி ஏற்றதும் தொழில் நிர்வாகத்தில் இருந்து முழுக்க விலக வேண்டும், உரிமையை வைத்துக்கொள்ளலாம். நிர்வாகத்தைக் குடும்பத்தில் வேறொருவரிடம் விடலாம், கணவன் அல்லது மனைவியிடம் மட்டும் விடக் கூடாது. அரசின் லைசென்ஸையும் பர்மிட்டையும் குத்தகையையும் முக்கியமாக நம்பி ஓடும் தொழில் என்றால் உரிமையையும் விட வேண்டும். சொத்து, கடன் விவரத்தை வருடா வருடம் பிரதமரிடமோ முதல்வரிடமோ கொடுக்க வேண்டும். இதெல்லாம் நெறிமுறைதான், மீறினால் தண்டனை தரும் சட்டம் இல்லை. நிர்வாகத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன் என்று ஒருவர் சொல்லலாம். தம்பியும் அவரும் ஒரே பந்தியில்தான் சாப்பிடுவார்கள்.

அமெரிக்காவில் இதைக் கொஞ்சம் கடுமையாகச் செய்கிறார்கள். 2006-ல் கோல்ட்மேன் சாக்ஸ் தலைவராக இருந்த ஹென்றி பால்சன் நிதி அமைச்சரானபோது, தன்னிடம் இருந்த கோல்ட்மேன் பங்குகளை, சுமார் 50 கோடி டாலர் மதிப்புள்ளவற்றை, விற்றுவிட்டுத்தான் வேலையில் உட்கார்ந்தார். அப்படிக் கட்டாயமாக விற்பவருக்கு வரியை உடனே கட்ட வேண்டியதில்லை என்று அங்கே ஒரு சலுகையும் இருக்கிறது. விற்கச் சொல்கிற சட்டம், விற்பவருக்கு நஷ்டம் வராமலும் பார்க்கிறது. இந்தியாவுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்பது என் எண்ணம். அதிகாரத்துக்கு எல்லை என்ன என்று தெளிவாக இருந்தால், திறமையுள்ளவர்கள் தயங்காமல் வருவார்கள்.

எல்லை மங்கலாக இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கேரளம் 2017-ல் பார்த்தது. அப்போதைய போக்குவரத்து அமைச்சர் தாமஸ் சாண்டி குவைத்தில் தொழில் செய்து வளர்ந்தவர், ஆலப்புழையில் காயலோரம் ரிசார்ட் வைத்திருந்தவர். அங்கே நிலத்திலும் காயலிலும் விதிமீறல் நடந்ததாக மாவட்ட கலெக்டர் அறிக்கை கொடுத்தார். அமைச்சர் அதை மறுத்தார், அறிக்கையை எதிர்த்து ஹைகோர்ட்டுக்கும் போனார். அமைச்சராக இருந்துகொண்டே சொந்த அரசுக்கு எதிராக எப்படி வழக்கு நடத்துகிறீர்கள் என்று நீதிமன்றம் கேட்டது. நவம்பர் 15-ஆம் தேதி அவர் பதவி விலகினார். ரிசார்ட் முதலாளியாக வழக்குப் போட அவருக்கு முழு உரிமை உண்டு. அமைச்சராக அந்த கலெக்டரின் அறிக்கையை மதிக்க வேண்டிய கடமையும் உண்டு. இரண்டும் ஒரே உடம்பில் இருந்தன.

நம் கையில் இருக்கும் ஒரு காகிதம்

வேட்புமனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு வந்த வழக்கம் இது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எல்லாரும் மொத்தச் சொத்து எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு, “அடேங்கப்பா” என்று போனை வைத்துவிடுகிறார்கள். ஆதாய முரண் தெரிய வேண்டுமானால் பார்க்க வேண்டிய இடம் வேறு. 2018-ல் வந்த இன்னொரு தீர்ப்புக்குப் பிறகு, வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும், தனக்கும் துணைவருக்கும், தாங்கள் பங்கு வைத்திருக்கும் நிறுவனங்களுக்கும் அரசோடு என்னென்ன ஒப்பந்தம் உண்டு என்பதையும் அதில் எழுத வேண்டும். ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் முடித்திருந்தால், அசையும் சொத்துப் பட்டியலில் இருக்கும் கம்பெனிப் பெயர்களை எடுத்து, அந்தக் கம்பெனிகள் யாருக்கு என்ன விற்கின்றன என்று தேடிப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான். மணல், குவாரி, மது, மருத்துவமனை, கல்லூரி, நிலம், மின்சாரம் என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். லைசென்ஸ் இல்லாமல் இந்தத் தொழில்கள் ஒரு நாள்கூட ஓடாது.

அப்புறம், தேர்தல் மேடைக்கு ஒருவர் வந்தால் கேளுங்கள்: உங்கள் கம்பெனி விஷயம் கமிட்டிக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? பெரியப்பாவுக்கு அந்தக் கேள்வி நான்காவது வருடம் வந்தது. எங்கள் களத்தைத் தாண்டிப் போகும் மண்ரோட்டுக்குத் தார் போடும் யோசனை கமிட்டியில் வைக்கப்பட்டது. அந்த ரோட்டில் பதினைந்து வீடுகளும் ஒரு அங்கன்வாடியும் உண்டு, ஊருக்குத் தேவையான ரோடுதான். ஆனால் மழைக்காலத்தில் அதில் அதிகம் மாட்டிக்கொள்வது எங்கள் கொப்பரை லாரி. முந்தின நாள் ராத்திரி அந்தக் காகிதத்தை நான் வாசித்துச் சொல்லி முடித்ததும், “இதுல நான் பேசலாமா கண்ணு?” என்றுதான் கேட்டார். மோட்டார் புகைந்த வருடமாக இருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

மறுநாள் அந்த விஷயம் வந்ததும் எழுந்தார். அந்த ரோட்டில் என் களம் இருக்கிறது, நான் வெளியே இருக்கிறேன், குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே ஒரு ஓட்டுக் குறைந்து அந்த வருடம் வேறு வார்டு ரோட்டுக்குப் பணம் போனது. அங்கன்வாடி டீச்சர் ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தார் விழுந்தது அடுத்த மெம்பர் காலத்தில்தான். அதுவரை இரண்டு மழைக்காலம், லாரி குழியில் இறங்கும்போதெல்லாம் களத்து ஆட்களோடு சேர்ந்து பெரியப்பாவும் பின்னால் நின்று தள்ளினார்.